சும்மாத் தட்டு

கொடைக்கானலில் தேங்காய் எண்ணெயை ஊற்ற முடியாது, தோண்டித்தான் எடுக்க வேண்டும். திண்டுக்கல் வெயிலில் வளர்ந்த எனக்கு, மலையேறி வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இது தெரிந்துவிட்டது. காலையில் அவசரமாகத் தலைவாரப் போனால் புட்டிக்குள் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடக்கும், கவிழ்த்தாலும் அசையாது. மலைக்காரர்கள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்வதில்லை. அடுப்போரம் வைப்பார்கள், வெந்நீர்ச் சொம்புக்குள் நிறுத்துவார்கள். நான்தான் ஸ்பூன் காம்பால் நோண்டிக்கொண்டே தினமும் ஊரைத் திட்டுவேன்.

இந்தக் குளிரில்தான், வெதுவெதுப்பான தண்ணீரில் மட்டும் பிழைக்கிற மீன்களை நாங்கள் வளர்த்தோம். செல்போனுக்கு சிக்னல் வேண்டுமென்றால் ஏரிக்கரைப் பக்கம் நடந்து போக வேண்டியிருந்த காலம் அது. இந்தம்மாக்களுக்கு வேறு சோலி இல்லை என்று கல்லூரியில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் மீன் அறைக்குக் குளிர்காய வந்தார்கள்.

எல்லாம் வேதியியல் நடத்திய அக்காவால் வந்தது. நான் விலங்கியல். மாணவிகள் காதில் விழும்படி பேசும்போது அவர் எனக்கு மேடம், நான் அவருக்கு மேடம். ஸ்டாஃப் ரூமுக்குள் வந்துவிட்டால் அவர் அக்கா, நான் வெறும் நீ. அக்கா பெருமாள்மலைக்காரர். அங்கே பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரில் அவருடைய அண்ணன் கடை வைத்திருந்தார். யூகலிப்டஸ் தைலம், சாக்லேட், மலைப்பூண்டு என்று சுற்றுலா வந்தவர்கள் இறங்கும்போது கடைசியாக வாங்கிப்போகிற சாமான்கள் அங்கே கிடைக்கும். அக்கா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார், மற்ற நாட்களில் மூக்கை உறிஞ்சுவார். மலையிலேயே பிறந்தவருக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

அந்தச் சைனஸுக்கு அவரிடம் சொந்தமாக ஒரு மருந்து இருந்தது. தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி, அண்ணன் கடைத் தைலத்தைத் தாராளமாக ஊற்றிக் கலப்பார். நெற்றி, மூக்குத்தண்டு, நெஞ்சு, உள்ளங்கால் என்று பூசாத இடம் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் தருவார். நானும் பூசியிருக்கிறேன். தலைபாரம் சட்டென்று இறங்கும், பொய் சொல்லக் கூடாது.

அந்த அக்கா பல வருடமாக ஓர் இலையின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். கூக்கால் ஏரிக்கு மேலே, சோலைக்காட்டின் ஓரத்தில் வளர்கிற செடி. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே யாராவது வேரோடு பிடுங்கி அரைத்துக் குடிப்பார்கள், நம் ஆட்களை எனக்குத் தெரியும். மாடு அதைத் தொடாது, ஆடும் தொடாது. ஆடே தொடாத இலையில் என்னமோ இருக்கிறது என்று அக்காவுக்கு ஒரு நினைப்பு. இலையை நிழலில் காயவைத்து, பொடித்து, சாராயத்தில் ஊறப்போட்டு, வடித்து, பிரித்து, மறுபடியும் பிரித்து, கடைசியில் ஒரு சிட்டிகை வெளிர்மஞ்சள் பொடி எடுத்தார். மதுரையில் தெரிந்த ஓர் ஆய்வகத்துக்கு அதை அனுப்பினார். அங்கே புற்றுநோய்ச் செல்களைத் தட்டில் வளர்த்து வைத்திருப்பார்கள். பொடியைக் கரைத்து ஊற்றியதும் செல்கள் செத்துப்போயின என்று போனில் சொன்னார்கள். அன்று அக்கா ஸ்டாஃப் ரூம் முழுவதற்கும் பிளம் கேக் வாங்கி வந்தார்.

நான் கேக்கைத் தின்றுகொண்டே, "தட்டுல இருக்கிற செல்லு ஃபினாயில் ஊத்தினாக்கூடச் சாகும்க்கா" என்றேன். என் வாய் அப்படி. சாயங்காலம் வரை அக்கா என்னிடம் பேசவில்லை. மறுநாள் வெள்ளனே வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"சரி. என் பொடி ஃபினாயில் இல்லன்னு எப்படிக் காட்டுறது? அத நீ சொல்லு."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஜீப்ரா மீன் என்று ஒன்று உண்டு, கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறவர்கள் வீட்டில் எல்லாம் நீந்தும், விரல் நீளம்கூட இராது, உடம்பில் நீலக்கோடு ஓடும். அதன் முட்டையும் குஞ்சும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இதயம் துடிப்பதும் ரத்தம் ஓடுவதும் அப்படியே தெரியும். மருந்து கலந்த தண்ணீரில் முட்டையைப் போட்டுவிட்டு, உள்ளே இருக்கிற குஞ்சு ஒழுங்காக வளர்கிறதா, கோணிப்போகிறதா என்று பார்க்கலாம். செல்லைக் கொல்கிற அளவு மருந்தைக் குஞ்சு தாங்கிக்கொண்டால் அந்த மருந்துக்கு ஒரு வழி இருக்கிறது.

"தாங்கிக்கிட்டா?"

"அடுத்தாப்புல எலி. அத மதுரைல அவங்களே பாத்துக்குவாங்க."

"தாங்கலன்னா?"

"அத்தோட முடிஞ்சதுக்கா."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மேகம் இறங்கி மரம் ஒன்றும் தெரியவில்லை. "இந்த மலையிலேர்ந்து கேரட்டு கீழ போகுது, பூண்டு போகுது, எங்கண்ணன் தைலம் போகுது. ஒரே ஒரு மருந்து போகட்டுமே" என்றார். அப்படி அவர் கேட்டபிறகு முடியாது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மீன்கள் மதுரையிலிருந்து வந்தன. காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளைக் கம்பளியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு நானே பேருந்தில் கொண்டு வந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் மற்றவர்கள் வாந்தியெடுக்க, நான் கம்பளிக்குள் கையை விட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தபடியே வந்தேன். கல்லூரியில் பழைய சாமான் போட்டு வைத்திருந்த ஒரு சின்ன அறையை ஒழித்துத் தந்தார்கள். ஜன்னல் இடுக்கை எல்லாம் தெர்மோகோல் வைத்து அடைத்தோம். தொட்டிக்குள் ஹீட்டர், அறைக்கு ஒரு ஹீட்டர், முட்டைத் தட்டுகளை வைக்க வேறொரு துறை கழித்துப்போட்ட இன்குபேட்டர். அதைச் சூட்டுப்பெட்டி என்றே சொல்லிக்கொண்டோம். அடித்தட்டில் காற்று வறண்டுவிடாமல் இருக்க அகலமான தண்ணீர்த் தட்டு ஒன்று இருக்கும். மேல்தட்டில் முட்டைகள்.

ஆக, கல்லூரியிலேயே சூடான இடம் மீன் அறை என்று ஆகிவிட்டது. பனி விழுகிற காலைகளில் லைப்ரரியன், ஆபீஸ் கிளார்க், ஹாஸ்டல் சிஸ்டர் என்று டீ டம்ளரோடு ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். மீனைப் பார்க்க வந்ததாகச் சொல்வார்கள். ஹாஸ்டல் சிஸ்டர் ஒரு தடவை ஈரக் காலுறையைத் தொட்டி மூடியின் மேல் காயப்போட்டுவிட்டார். நான் போட்ட சத்தத்தில் அவர் ஒரு வாரம் வரவில்லை, பிறகு குளிர் தாங்காமல் வந்துவிட்டார்.

முட்டை எடுப்பது சுலபம். முந்தின நாள் சாயங்காலம் ஆண் மீனையும் பெண் மீனையும் ஒரே தொட்டியில் நடுவில் தடுப்பு வைத்து விடுவோம். காலையில் விளக்கைப் போட்டுத் தடுப்பை எடுத்தால் வெரசாக முட்டை போட்டுவிடும். போட்ட முட்டையைத் தாயும் தகப்பனுமே தின்றுவிடும் என்பதால் தொட்டியின் அடியில் கோலிக்குண்டு பரப்பியிருந்தோம், முட்டைகள் இடுக்கில் விழுந்து தப்பிக்கும். அவற்றைப் பொறுக்கித் தட்டுத் தட்டாகப் பிரிப்போம். ஒரு தட்டில் பொடி அதிகம், ஒன்றில் குறைவு, இன்னொன்றில் அதைவிடக் குறைவு. கடைசியாக ஒரு தட்டில் மருந்தே கிடையாது, வெறும் தண்ணீர்தான். அதற்கு ஆங்கிலத்தில் கண்ட்ரோல் என்று பெயர். நாங்கள் சும்மாத் தட்டு என்போம். சும்மாத் தட்டில் இருக்கிறவை ஒழுங்காகப் பிழைத்தால்தான், மற்றத் தட்டில் நடந்ததை மருந்தின் வேலை என்று சொல்ல முடியும். மாணவிகளுக்கு வருடா வருடம் நான் நடத்துகிற பாடம் இது.

இலை பறித்துத் தந்தது கூக்காலில் தோட்டக்கூலி வேலை செய்த ஒரு பெண். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, வயசுக்கு வரும்வரை அங்கே கொழுந்து பறித்துவிட்டு, பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். அக்கா முற்றிய இலை கேட்டிருந்தார். முதல் மூட்டையைப் பிரித்தால் பூராவும் துளிர். இரண்டு இலை, நடுவில் ஒரு மொட்டு என்று அச்சடித்த மாதிரி. "கைக்கு வேற மாதிரிப் பறிக்கத் தெரியாதுங்களே" என்று அவரே சிரித்தார். பிறகு சரியாகக் கொண்டுவந்தார். அந்த ஊருக்குப் பேருந்து எப்போதாவதுதான், அதைப் பிடித்து மூட்டையோடு வந்து, டீ குடித்துவிட்டு, கிளம்பும்போது ஒரு கேள்வி கேட்பார்.

"எங்க நாத்தனாருக்கு மாருல கட்டிங்க. மதுரையில போய் கரண்டு வச்சிட்டு வந்திருக்கு. இத அவிச்சுத் தேத்தண்ணி மாதிரிக் குடுக்கலாங்களா?"

"கொஞ்சம் பொறுங்க. மீனக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார் அக்கா.

முதல் தடவை விளையாட்டுக்குச் சொல்வதாக நினைத்து அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும், "மீன் என்னங்க சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

மீன் ஒன்றும் சொல்லவில்லை. குளிர் தொடங்கியதும் சாக ஆரம்பித்தது. மருந்துத் தட்டில் செத்தால் பரவாயில்லை, சும்மாத் தட்டிலும் செத்தது. காலையில் சூட்டுப்பெட்டியைத் திறந்தால் எல்லாத் தட்டிலும் முட்டைகள் வெள்ளை பூத்துக் கிடக்கும். சில வாரம் நன்றாக இருக்கும், வெயில் அடித்த வாரங்கள் அவை. பனி இறங்கியதும் மறுபடி சாவு. கரண்டு ஏறி இறங்குகிறது, பெட்டிக்குள் சூடு குறைகிறது என்று முதலில் நினைத்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தெர்மாமீட்டரையே பார்த்தேன். சூடு இம்மிகூட மாறவில்லை. அடுத்துத் தண்ணீர். கொடைக்கானல் தண்ணீரில் உப்பே கிடையாது, நாங்கள்தான் அளந்து சேர்ப்போம். சேர்த்தது தப்போ என்று, கீழ்மலையில் பாச்சலூர்ப் பக்கம் போன ஒரு ஜீப்பில் சொல்லிவிட்டு, இயல்பாகவே உப்புள்ள தண்ணீர் ஒரு கேன் அங்கேயிருந்து வரவழைத்தேன். அதிலும் செத்தது. தாய்மீன் கிழடாகிவிட்டதோ என்று புது மீன் வாங்கினேன். அதன் முட்டையும் செத்தது.

எனக்கும் அக்காவுக்கும் சண்டை வந்தது அந்த நாட்களில்தான். "உன் மீனுக்கு உடம்புல தெம்பு இல்ல" என்பார். "உங்க மருந்து பக்கத்துத் தட்டுக்குத் தாவுதுக்கா" என்பேன். ஒருநாள் அவர் செத்த தட்டுகளைப் பார்த்துவிட்டு, "சும்மாத் தட்டே செத்துக் கெடக்கு. இதுல என் மருந்தக் குத்தம் சொல்ல என்ன இருக்கு?" என்றார். குரலில் வருத்தம் இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. மதுரைக்காரர்கள் மார்ச் மாதத்துக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பதில் இல்லாதவரை அவருடைய மருந்து நல்ல மருந்தாகவே இருந்தது.

பொங்கலுக்குத் திண்டுக்கல் போனேன். அம்மா வீட்டில் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்து, ஊற்றினால் ஊற்றுகிற தேங்காய் எண்ணெயைத் தலை நிறைய வைத்துக்கொண்டு, லீவு முடியும்வரை மலையை நினைக்காமல் இருந்தேன். திரும்பி வந்த காலையில் நேராக மீன் அறைக்குப் போய்க் கதவைத் திறந்தேன். மூக்கில் அறைந்தது. அக்காவின் அண்ணன் கடைக்குள்ளேயே நுழைந்துவிட்ட மாதிரி தைல நெடி. யாராவது குளிர்காய வந்து இப்போதுதான் போயிருப்பார்கள் என்று நினைத்துச் சூட்டுப்பெட்டியைத் திறந்தேன். உள்ளேயிருந்து வந்த காற்றில் கண் எரிந்தது.

அடித்தட்டில், தண்ணீர்த் தட்டுக்குப் பின்னால், அக்காவின் எண்ணெய்ப் புட்டி நின்றுகொண்டிருந்தது. மூடி சரியாகத் திருகப்படாமல், உள்ளே எண்ணெய் தெளிவாக உருகி, தங்க நிறத்தில் இருந்தது.

புதிதாக யாரும் ஒளித்து வைத்ததல்ல. குளிர்காலம் முழுவதும் அது அங்கேதான் இருந்தது. நான் தினமும் பார்த்திருக்கிறேன். கைவிட்டு எடுத்து உச்சியில் தேய்த்துக்கொண்டு, திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறேன். மலையில் எல்லோர் மேலும் எப்போதும் அடிக்கிற வாசனை அது, எல்லா வீட்டிலும் சூடான ஒரு மூலையில் ஓர் எண்ணெய்ப் புட்டி நிற்கும். வந்து சில மாதத்தில் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை விட்டுவிடும். கீழே போய் நாலு நாள் வெறும் காற்றைச் சுவாசித்துவிட்டு வந்த மூக்குத்தான் கண்டுபிடித்தது.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"இது இங்க என்னக்கா பண்ணுது?"

"ஒறைஞ்சு போகும்ல. அதான் வச்சேன்."

"எப்பலேர்ந்து?"

"பனி விழ ஆரம்பிச்சதுலேர்ந்து. வெயில் அடிச்சா வெளியில எடுத்துருவேன். ஏன், நீயும் இதுலேர்ந்துதான எடுத்துத் தேய்க்கிற?"

"கெமிஸ்ட்ரி டீச்சர்தான நீங்க? மூடின சூட்டுப்பெட்டிக்குள்ள கற்பூரத்த வச்சா என்னாகும்?"

அக்கா புட்டியைப் பார்த்தார். வைவாவில் மாட்டிக்கொண்ட மாணவி மாதிரி, "ஆவியாகும்" என்றார். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் லைப்ரரியன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரித்து முடித்ததும் வந்த கோபத்தில் ஸ்டூலை எட்டி உதைத்தேன். ஒரு குளிர்காலத்து வேலை பூராவும் மூக்கடைப்புக்குப் போயிருந்தது.

உறுதி செய்துகொள்ள இரண்டு டிபன் டப்பா எடுத்தோம். இரண்டிலும் நல்ல முட்டைகள் உள்ள தட்டு. ஒன்றில் மட்டும் ஓரத்தில் அந்த எண்ணெய் தொட்ட பஞ்சு. இரண்டையும் மூடி வெதுவெதுப்பில் வைத்தோம். மறுநாள் பஞ்சு வைத்த டப்பாவில் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. மற்றதில் குஞ்சுகள் முட்டைக்குள் புரண்டுகொண்டிருந்தன.

தைலம் பூசியவர்கள் உள்ளே வரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினேன். அதன் பொருள் கல்லூரியில் யாரும் உள்ளே வரக் கூடாது என்பதுதான். லைப்ரரியன் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் அந்தப் புட்டியை மூன்று பிளாஸ்டிக் கவரில் சுற்றி, வேதியியல் லேபில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். அக்கா வீட்டிலும் பூசுவதை விட்டார். ஸ்வெட்டரில் ஏறிய வாசனை போகாது என்று தெரிந்து, புது ஸ்வெட்டர் வாங்கினார். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வந்தது. மற்றவர்கள் கறியை விட்டார்கள், அக்கா தைலத்தை விட்டார். வெந்நீரில் வெறும் ஆவி பிடித்துக்கொண்டு, முகம் அதைத்துப்போய், ராத்திரி தூக்கமில்லாமல் வருவார். சர்ச்சில் பாடக் குரல் எழும்பவில்லை. "ரெண்டே மாசந்தான" என்பார், மூக்கால்.

அந்த முறை சும்மாத் தட்டு பிழைத்தது. ஒன்றுகூடச் சாகவில்லை. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்தது. நூல் மாதிரி நேரான வால், கறுப்பு மிளகு மாதிரி கண், கண்ணுக்குக் கீழே இதயம் அவசர அவசரமாக அடித்துக்கொண்டிருந்தது. ரத்தம் வால்நுனி வரை போய்த் திரும்பி வந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணை எடுக்காமல் நெடுநேரம் பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகா இருக்கு" என்றார்.

அடுத்த தட்டை நான்தான் முதலில் பார்த்தேன். மதுரையில் செல்களைக் கொன்ற அளவு மருந்து அதில் இருந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. இதயத்தைச் சுற்றி நீர் கோத்து, நெஞ்சு ஒரு சின்னப் பலூன் மாதிரி உப்பியிருந்தது. அதற்குள் இதயம் வெறும் இழையாக இழுபட்டு, துடிக்க முடியாமல் துடித்தது. ரத்தம் ஓடாமல் ஓரிடத்தில் தேங்கி நின்றது. வால் வளைந்திருந்தது. ஒரு குஞ்சில் மட்டும் அப்படி என்றால் தற்செயல் எனலாம். அந்தத் தட்டில் எல்லாக் குஞ்சுகளும் அப்படியே இருந்தன. நான் நகர்ந்து, "நீங்களே பாருங்கக்கா" என்றேன்.

பார்த்தார். "இது தைலமா இருக்காதுல்ல?" என்று கேட்டார்.

"சும்மாத் தட்டும் இதே பெட்டிலதான்க்கா இருந்துச்சு."

அந்தப் புட்டியை நான் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று அப்போது நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். சும்மாத் தட்டு செத்துக்கொண்டிருந்தவரை அக்காவுக்கு ஒரு வழி இருந்தது. அது பிழைத்ததும் சாக்குச் சொல்ல எதுவுமில்லை.

திரும்பவும் செய்து பார்த்தோம். அக்காவே கேட்டார், நானும் மறுக்கவில்லை. மருந்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தோம். ஓர் அளவுக்குக் கீழே போனால் குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அளவில் மதுரைச் செல்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. நோயைத் தொடுகிற இடமும் இதயத்தைக் கெடுக்கிற இடமும் ஒன்றாகவே இருந்தன. நடுவில் மருந்துக்கு நிற்க இடமில்லை. முடித்துக் கைகழுவிய அன்றே அக்கா மதுரைக்குப் போன் பண்ணினார். பேசிவிட்டு வந்து, "அழுவுறீங்களா மேடம்னு கேக்குறாங்க. சளின்னேன்" என்றார். சளியும்தான் இருந்தது.

கூக்கால் பெண் அடுத்த மூட்டையோடு வந்தபோது நாங்கள் மாணவிகளுக்கு நடுவில் இருந்தோம். அக்கா அவரைத் தனியாகக் கூட்டிப்போவார் என்று நினைத்தேன். அங்கேயே சொல்லிவிட்டார்.

"மீன் சொல்லிருச்சும்மா. வேணாம்னு சொல்லிருச்சு."

"கொஞ்சமா அவிச்சாலுங்களா?"

"கொஞ்சமாக் குடிச்சா கட்டிக்கு ஒண்ணும் ஆகாது. நெறையாக் குடிச்சா நெஞ்சு தாங்காது."

இத்தனை மாத வேலையை அதைவிடச் சுருக்கமாக நான் எங்கேயும் எழுதியதில்லை. அந்தப் பெண் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். பிறகு, "காயப்போட்டு வச்சிருக்கேங்க. ஒரு சாக்கு நெறைய. நீங்க சரின்னதும் குடுக்கலாம்னு" என்றார்.

அக்கா வகுப்பை என்னிடம் விட்டுவிட்டு அந்தப் பெண்ணோடேயே பேருந்து ஏறிவிட்டார். போன பேருந்து அன்று திரும்பாது. மறுநாள் மத்தியானம்தான் வந்தார். அந்தப் பெண் அன்று கொண்டுவந்த மூட்டையை நான் குப்பைக்கிடங்கில் போட்டிருந்தேன். அக்கா கூக்காலில் அந்தச் சாக்கை வாங்கி, எரித்தால் புகை ஆகாது என்று, வீட்டுக்குப் பின்னால் குழிவெட்டிப் புதைத்துவிட்டு வந்திருந்தார். நாத்தனாரே பக்கத்தில் நின்று மண் தள்ளினாராம்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"எனக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்துச்சு. ரெண்டு கண்ணும் உள்ள போயிருக்கு." பிறகு, "நல்ல வேள, நாம மொதல்ல மீனக் கேட்டோம்" என்றார்.

சொல்லிவிட்டு எழுந்து என் மேசையிலிருந்து பீரோச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன். மூன்று கவரையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் புட்டியை எடுத்தார். உள்ளே எண்ணெய் கல்லாக உறைந்திருந்தது. மீன் அறைக்குப் போனோம். தட்டுகள் எதுவும் இல்லாமல் சூட்டுப்பெட்டி வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த எனக்கு மனசு வந்திருக்கவில்லை. அக்கா கதவைத் திறந்து, அடித்தட்டில், தண்ணீர்த் தட்டுக்குப் பின்னால், பழைய இடத்திலேயே புட்டியை வைத்தார். கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உருகட்டும்" என்றார்.